பாதி வரி மறைந்த கண்: விழித்திரைச் சிரை அடைப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

அந்த அம்மாவுக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை. அச்சுக்குப் போகும் தாள்களில் நாள் முழுக்கப் பிழை தேடுபவர், வயது 57. வலது கண்ணில் ஏதோ சரியில்லை என்று ஐந்து வாரங்களாகவே அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. ஏன் உடனே வரவில்லை என்று கேட்டேன். "இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தால் வித்தியாசமே தெரியவில்லை டாக்டர். இடது கண் சமாளித்துக்கொண்டது" என்றார். ஒருநாள் இடது கண்ணில் தூசி விழுந்து அதைக் கசக்கிக்கொண்டே வலது கண்ணால் தாளைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்திருக்கிறது. வரிகளின் கீழ்ப்பாதி கலங்கியிருந்தது. நேர்க்கோடு நடுவில் தொய்ந்து தெரிந்தது. "ப எது, பு எது என்றே தெரியவில்லை" என்றார்.

ஒரு விழித்திரை மருத்துவருக்கு இதைவிட நல்ல முறையீடு கிடைக்காது. 'ப'வுக்கும் 'பு'வுக்கும் உள்ள வேறுபாடு வரிக்குக் கீழே இறங்கும் ஒரு கோடுதான். அது மறைகிறது என்றால் பார்வைப் புலத்தின் கீழ்ப்பகுதியில் குறை. கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால் கோளாறு விழித்திரையின் மேல்பகுதியில் இருக்க வேண்டும். கண்ணைப் பார்க்கும் முன்பே நோயாளி இடத்தைச் சொல்லிவிட்டார்.

இந்த நிகழ்வை எழுத நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அது மட்டுமல்ல. இதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. அது உரிய இடத்தில் வரும். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் நாள்

வலது கண் பார்வை 6/24, அதாவது நல்ல கண் 24 மீட்டரில் படிப்பதை இந்தக் கண் 6 மீட்டரில்தான் படிக்கிறது. ஊசித்துளை அட்டை வழியாகப் பார்க்கச் சொன்னபோதும் கூடவில்லை. அப்படியென்றால் கண்ணாடி மாற்றிச் சரிசெய்யும் கோளாறு இல்லை. இடது கண் 6/6. கண் அழுத்தம் வலதில் 16, இடதில் 15, இரண்டும் இயல்பு. டார்ச் வெளிச்சத்தை ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்கு மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தேன். இரண்டு கண்மணிகளும் ஒரே மாதிரி சுருங்கின. கருவிழிக்குப் பின்னால் உள்ள ஐரிஸ் திரையின் ஓரத்தில் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றனவா என்று, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போடுவதற்கு முன்பே பார்த்தேன். இந்த வரிசை முக்கியம். கண்மணி விரிந்தபின் அந்த மெல்லிய முளைகள் ஐரிஸின் மடிப்பில் ஒளிந்துகொள்ளும்.

சொட்டு மருந்து வேலை செய்தபின் விழித்திரை தெரிந்தது. மேல்-வெளிப்புறக் கால்வட்டத்தில் மட்டும் தீச்சுடர் வடிவத்தில் ரத்தக் கசிவுகள். இடையிடையே பஞ்சுத் துணுக்கு போல நான்கு வெள்ளைத் திட்டுகள். அந்தப் பகுதியின் சிரை, அதாவது ரத்தத்தை வெளியே எடுத்துச் செல்லும் குழாய், புடைத்து, வளைந்து நெளிந்து ஓடியது. கசிவுகள் எல்லாம் ஓர் ஆப்பு வடிவில் விரிந்திருந்தன. ஆப்பின் முனையைத் தேடிப் போனால், ரத்தத்தைக் கொண்டுவரும் ஒரு தமனி அந்தச் சிரையின் மேல் ஏறிக் கடக்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. கிடைக்கோட்டுக்குக் கீழே ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை.

விழித்திரையில் தமனியும் சிரையும் குறுக்கே கடக்கும் இடங்களில் இரண்டுக்கும் வெளியுறை பொது. ஒரே உறைக்குள் இரண்டு குழாய்கள் நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதும் ரத்த அழுத்தமும் சேர்ந்து தமனியின் சுவரைத் தடிக்க வைக்கும்போது, மெல்லிய சுவர் கொண்ட சிரைதான் நசுங்குகிறது. நசுங்கிய இடத்தில் ஓட்டம் சுழிக்கிறது, உட்சுவர் காயப்படுகிறது, ரத்தம் கட்டியாக உறைகிறது. வெளியேற வழியில்லாத ரத்தம் பின்னால் தேங்கி, நுண்குழாய்களின் அழுத்தத்தைக் கூட்டி, நீராகவும் ரத்தமாகவும் கசிகிறது. அடைபட்டது சிரை, ஆனால் குற்றவாளி தமனி. இந்த ஒன்றை நோயாளி புரிந்துகொண்டால் மீதிச் சிகிச்சை பாதி எளிதாகும்.

இது கிளைச் சிரை அடைப்பு. பார்வை நரம்புக்குள் நுழையும் இடத்தில் மையச் சிரையே அடைபட்டால் நான்கு கால்வட்டங்களிலும் ரத்தம் தெறித்த மாதிரி இருக்கும். அது வேறு மாதிரியான நோய், வேறு மாதிரியான கவலை. மையச் சிரை அடைப்பில் ரத்தவோட்டம் மிகவும் குறைந்துபோன கண்களில் ஐரிஸில் புதுக் குழாய்கள் முளைத்து, கண்ணின் வடிகாலை அடைத்து, கடும் வலியோடு கண் அழுத்தம் ஏறும். பழைய மருத்துவர்கள் இதை 'நூறு நாள் குளுக்கோமா' என்றே சொல்வார்கள். கிளை அடைப்பில் இது அரிது. உலக அளவில் இந்த இரண்டு வகையும் சேர்ந்து சுமார் 1.6 கோடிப் பேரைப் பாதித்திருப்பதாக 2010இல் வெளிவந்த கணிப்பு சொல்கிறது. அதில் பெரும்பங்கு கிளை அடைப்புதான். சர்க்கரை நோயால் வரும் விழித்திரைக் கோளாறுக்கு அடுத்தபடியாக, விழித்திரை ரத்தக்குழாய் நோய்களில் அதிகம் காண்பது இதுவே.

சர்க்கரையாக இருக்குமோ என்ற கேள்வி எழாமல் இல்லை. ஆனால் சர்க்கரையின் கசிவு இப்படி ஒரு கண்ணின் ஒரு கால்வட்டத்துக்குள் எல்லை கட்டிக்கொண்டு நிற்காது. இரண்டு கண்களிலும் சிதறிக் கிடக்கும். உயர் ரத்த அழுத்தம் நேரடியாக உண்டாக்கும் மாற்றங்களும் இரண்டு கண்களிலும்தான் வரும். கழுத்துத் தமனி சுருங்கிப்போய்க் கண்ணுக்கு ரத்தம் குறைந்தாலும் சிரைகள் புடைக்கும். ஆனால் அவை இவ்வளவு நெளியாது, கசிவும் ஓரப் பகுதிகளில் புள்ளி புள்ளியாக இருக்கும். இந்தக் கண்ணில் வேறு சந்தேகத்துக்கு இடமில்லை.

அப்புறம் ரத்த அழுத்தம் பார்த்தோம். 168/98. "மாத்திரை சாப்பிடுகிறீர்களா அம்மா?" என்று கேட்டேன். முன்பு சாப்பிட்டாராம். ஒருமுறை பார்த்தபோது அழுத்தம் சரியாக இருந்ததால் நிறுத்திவிட்டாராம், இரண்டு வருடம் ஆகிறது. மாத்திரை சாப்பிட்டதால்தான் சரியாக இருந்தது என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1, அதாவது சர்க்கரை நோயின் வாசற்படி. கெட்ட கொழுப்பு 158. ரத்த அணுக்கள், சிறுநீரகம், ஈசிஜி எல்லாம் சரி. ரத்தம் உறையும் தன்மைக்கான நீண்ட பட்டியலை எழுதிக் கொடுக்கவில்லை. ஹோமோசிஸ்டீன், ஆன்டிபாஸ்ஃபோலிப்பிட் எதிர்ப்பொருள் போன்றவற்றை ஐம்பது வயதுக்குக் கீழே, ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இல்லாதவர்களுக்கு, அல்லது இரண்டு கண்ணிலும் அடைப்பு வந்தவர்களுக்குத் தேடுவது பொருத்தம். 57 வயதில் 168/98 வைத்திருப்பவருக்கு அதையெல்லாம் எழுதினால் தாள்தான் நிறையும். காரணம் கண்ணெதிரே இருக்கிறது. அவரைப் பொது மருத்துவரிடம் அதே நாளில் அனுப்பினோம். இந்த அடைப்பு வந்தவர்களுக்கு இதயமும் மூளையும் கவனிக்கப்பட வேண்டியவை.

சாயம் காட்டியதும் காட்டாததும்

விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி காட்டும் ஓசிடி ஸ்கேனில், கூர்மையான பார்வைக்கான நடுப்பகுதியான மேகுலாவின் மையத் தடிமன் 512 மைக்ரான். கருவிக்குக் கருவி சற்று மாறினாலும் இயல்பாக 250 முதல் 300க்குள் இருக்க வேண்டியது. படத்தில் விழித்திரையின் அடுக்குகளுக்குள் தேன்கூட்டின் அறைகள் மாதிரி நீர் கோர்த்திருந்தது, அடியிலும் ஒரு மெல்லிய நீர்த்திட்டு. ஆறுதல் தந்தது ஒன்று: ஒளி உணரும் செல்களின் வரி அறுபடாமல் இருந்தது. நீர் வற்றினால் பார்வை திரும்பும் என்று நம்ப அது போதும்.

அடுத்து ஃப்ளோரசின் ஆஞ்சியோகிராம். கையின் சிரையில் மஞ்சள் சாயத்தை ஏற்றி, அது விழித்திரைக் குழாய்களில் ஓடுவதை நொடிக்கு நொடி படமெடுப்பது. தோல் சற்று மஞ்சளாகும், சிறுநீர் ஒரு நாள் மஞ்சளாகப் போகும், சிலருக்குக் குமட்டும். கடும் ஒவ்வாமை மிக அரிது. இந்தச் சோதனையை மனிதக் கண்ணில் செய்து காட்டி 1961இல் எழுதியவர்கள் நோவோட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு மருத்துவ மாணவர்கள். கட்டுரை வெளியானது சர்குலேஷன் என்ற இதயநோய் இதழில். கண்ணுக்கான ஒரு சோதனை இதயத்தின் வாசல் வழியாக வந்தது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

ஆஞ்சியோகிராமிடம் நாம் கேட்பது இரண்டு கேள்விகள். எங்கே கசிகிறது? எங்கே ரத்தவோட்டமே இல்லை? முதல் கேள்விக்குப் பதில் தெளிவாகக் கிடைத்தது. இரண்டாவதற்குக் கிடைக்கவில்லை. புதிதாகத் தெறித்த ரத்தம் திரைபோல நின்று சாயத்தின் ஒளியை மறைத்துவிட்டது. கறுப்பாகத் தெரியும் இடம் ரத்தம் மறைத்த இடமா, ரத்தமே போகாத இடமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட நேரத்தில் செய்ய வேண்டியது ரத்தம் வற்றும்வரை காத்திருந்து மறுபடி எடுப்பது. கேஸ் ஷீட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: 'மூன்று மாதத்தில் மறு ஆஞ்சியோகிராம்'.

அடைப்பை எடுத்துவிட முடியாதா?

அவருடைய மகன் கேட்டார்: "இதயத்தில் அடைப்பு என்றால் கரைக்கிறார்கள், ஸ்டென்ட் வைக்கிறார்கள். கண்ணில் ஏன் சார் முடியாது?"

நியாயமான கேள்வி. முயற்சி செய்யாமல் விட்டதில்லை. தமனியும் சிரையும் பகிரும் உறையை அறுவையில் வெட்டிப் பிரித்துப் பார்த்தார்கள். மையச் சிரை அடைப்பில் பார்வை நரம்பின் ஓரத்தை ஆரம்போலக் கீறி இடம் கொடுத்துப் பார்த்தார்கள். லேசரால் சிரைக்கு மாற்றுவழி உண்டாக்கிப் பார்த்தார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தியும் பார்த்தார்கள். எதுவும் வழக்கமான சிகிச்சையாக நிலைக்கவில்லை. சிலவற்றில் கிடைத்த நன்மையைவிட ரத்தப்போக்கும் விழித்திரை விலகலும் பெரிதாக இருந்தன. ரத்தம் மெலியும் மாத்திரைகளும் இந்த அடைப்பைத் திறப்பதாக நிரூபணம் இல்லை. இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர் அதைத் தொடரட்டும். கண்ணுக்கென்று புதிதாகத் தொடங்கத் தேவையில்லை.

நாம் சிகிச்சை செய்வது அடைப்பை அல்ல, அடைப்பின் விளைவுகளை. நீர் கோர்ப்பது ஒன்று, புதுக் குழாய்கள் முளைப்பது இன்னொன்று. ரத்தம் கிடைக்காமல் தவிக்கும் விழித்திரை விஇஜிஎஃப் என்ற புரதத்தை வெளியிடுகிறது. 'எனக்குக் குழாய் வேண்டும்' என்று அது அனுப்பும் ஓலை மாதிரி. அந்த ஓலைதான் குழாய்களைக் கசிய வைக்கிறது, அதேதான் தேவையில்லாத இடத்தில் பலவீனமான புதுக் குழாய்களையும் முளைக்க வைக்கிறது. மேகுலாவை உலர வைக்க நாம் போடும் ஊசி அந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. கட்டி வைத்திருக்கும்வரை இரண்டு விளைவுகளும் அடங்கியிருக்கும். நான் பிறகு தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான்.

முன்பு இவ்வளவு வழிகள் இல்லை. கிளை அடைப்புக்கு நிரூபணத்தோடு வந்த முதல் சிகிச்சை லேசர். 1984இல் வெளியான பெரும் ஆய்வில், மேகுலாவில் வலைபோல லேசர் போடப்பட்ட கண்களில் 65 சதவீதம் மூன்று ஆண்டில் பார்வை அட்டையில் இரண்டு வரிகள் கூடுதலாகப் படித்தன; போடாதவற்றில் 37 சதவீதம். ரத்தம் வற்றட்டும், தானாகச் சரியாகிறதா பார்க்கலாம் என்று மூன்று மாதம் பொறுத்துவிட்டுத்தான் லேசர் போடுவார்கள். நான் பயிற்சியில் இருந்தபோது இந்த 'மூன்று மாதம் பொறு' என்பது வேதவாக்கு.

2010இல் பிராவோ ஆய்வு வந்து அதை மாற்றியது. விஇஜிஎஃப்பைக் கட்டும் ரானிபிசுமாப் ஊசியை மாதம் ஒருமுறை ஆறு மாதம் போட்டுக்கொண்டவர்களில் 61 சதவீதம் பேர் மூன்று வரிகளோ அதற்கு மேலோ கூடுதலாகப் படித்தார்கள். ஊசி போடுவதுபோலப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களில் 29 சதவீதம். அந்தப் பாவனைக் குழுவுக்கும் ஆறு மாதம் கழித்து ஊசி கிடைத்தது. ஆனாலும் ஓராண்டு முடிவில் அவர்கள் சராசரியாகப் பெற்றது 12 எழுத்து, முதலிலிருந்தே போட்டுக்கொண்டவர்கள் பெற்றது 18 எழுத்து. தாமதத்துக்குக் கொடுத்த விலை அந்த ஆறு எழுத்து. நம் நோயாளி ஏற்கெனவே ஐந்து வாரத்தைச் செலவழித்துவிட்டு வந்திருந்தார். இனியும் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த வகை ஊசி மருந்துகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் மருத்துவர்கள் கூடினால் விவாதம் முடியாது. மையச் சிரை அடைப்பில் ஸ்கோர்2 ஆய்வு, ஆறு மாத முடிவில் பெவாசிசுமாப் அஃப்ளிபெர்செப்ட்டுக்குக் குறைந்ததல்ல என்றது. 2019இல் வந்த லீவோ ஆய்வு, இரண்டாண்டு முடிவில் பெவாசிசுமாப் ரானிபிசுமாபுக்கு ஈடு என்று நிறுவ முடியவில்லை என்றது. அஃப்ளிபெர்செப்ட் குறைவான ஊசிகளில் ஈடுகொடுத்தது. 2023இல் ஃபாரிசிமாப் என்ற இன்னொன்றும் அனுமதி பெற்று வந்துவிட்டது. என் கருத்து: எந்த மருந்து என்பதைவிட, சொன்ன தேதியில் நோயாளி வருகிறாரா என்பதுதான் பார்வையைத் தீர்மானிக்கிறது. இவருக்கு ரானிபிசுமாப் தொடங்கினோம்.

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு குச்சியைக் கண்ணுக்குள் வைக்கும் வழியும் இருந்தது. 2009இல் அனுமதி பெற்ற முறை. இரண்டாவது மாதத்தில் உச்சமாக வேலை செய்து, பிறகு மெல்லக் கரைந்துவிடும். மாதாமாதம் வர முடியாதவர்களுக்கும், அண்மையில் பக்கவாதமோ மாரடைப்போ வந்ததால் இந்த ஊசிக்குத் தயங்குகிறவர்களுக்கும் நல்ல தேர்வு. ஆனால் கண் அழுத்தத்தை ஏற்றும், இயற்கை லென்ஸ் உள்ள கண்ணில் புரையை முடுக்கிவிடும். இவருக்கு லேசான புரை தொடங்கியிருந்தது. கைவசம் வைத்துக்கொள்வோம் என்று ஒதுக்கினேன்.

கண்ணுக்குள் ஊசியா என்று அவர் திடுக்கிட்டார். எல்லோரும் திடுக்கிடுவார்கள். மரத்துப்போகும் சொட்டு மருந்து, பிறகு பொவிடோன் அயோடின் சொட்டு, இமைகளைத் திறந்து வைக்க ஒரு சிறு கம்பி. கருவிழி ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளைவிழி வழியாக முடி போன்ற ஊசி. மருந்தின் அளவு 0.05 மில்லிலிட்டர், ஒரு சொட்டளவு. ஊசி உள்ளே இருப்பது சில நொடிகள்தான். உண்மையில் அயோடின் எரிச்சல்தான் ஊசியைவிட அதிகம் படுத்தும், முடிந்ததும் "இவ்வளவுதானா?" என்று இவரும் கேட்டார். பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று: கண்ணுக்குள் கிருமித்தொற்று. சில ஆயிரம் ஊசிகளில் ஒன்றுக்கு வருவதுதான். ஆனால் வந்தால் கண்ணே போகலாம். அடுத்த சில நாட்களில் வலி கூடினாலோ, சிவப்பும் மங்கலும் அதிகரித்தாலோ இரவானாலும் வந்துவிட வேண்டும் என்று எழுதியே கொடுப்போம்.

உலர்ந்த மேகுலா

முதல் ஊசிக்கு நான்கு வாரம் கழித்து மேகுலா 318 மைக்ரான், பார்வை 6/12. இரண்டாவது ஊசிக்குப் பிறகு 274, பார்வை 6/9. மூன்றாவது போட்டோம். அடுத்த மாதம் அவர் வரவில்லை.

ஐந்தாவது மாதத்தில் வந்தார். பார்வை 6/18, மேகுலா 431. ஒரு பெரிய புத்தகத்தின் மெய்ப்பு வேலை, கண்ணும் நன்றாகத் தெரிந்தது, அதனால் விட்டுவிட்டேன் என்றார். பழைய மாத்திரைக் கதைதான். ஊசியின் வேலை சில வாரங்களோடு முடிந்துவிடும், அடைப்பு அங்கேயே இருக்கும் என்பதை முதல் நாளே போதுமான அளவு சொன்னேனா என்று எனக்கே சந்தேகம்.

மாதாமாதம் மறுபடி மூன்று ஊசிகள். நீர் வற்றியது. பிறகு இடைவெளியை ஆறு, எட்டு, பன்னிரண்டு வாரம் என்று நீட்டினோம். பதினான்காவது மாதம் நெருங்கும்போது ஒன்பதாவது ஊசி. பதினாறாவது மாதத்திலும் உலர்ந்தே இருந்தது: 265 மைக்ரான், பார்வை 6/9. ரத்த அழுத்தம் 132/82, இப்போது மாத்திரையைத் தவறவிடுவதே இல்லை. ஊசியை நிறுத்தினேன். மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றேன். இருவருக்கும் திருப்தி.

மூன்றாவது மாதத்தில் எடுக்க வேண்டிய மறு ஆஞ்சியோகிராம் என்ன ஆயிற்று? அந்த மாதம் அவர் வரவில்லை. ஐந்தாவது மாதம் வந்தபோது நீரை வற்ற வைக்கும் அவசரம். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் ஓசிடி படம் அழகாக இருந்தது. நானும் ஸ்கேன் அறையிலிருந்து வந்த அந்த ஒரு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓசிடி காட்டுவது மேகுலாவின் சில மில்லிமீட்டர்களை. அதற்கு வெளியே விரிந்து கிடக்கும் விழித்திரையில் ரத்தம் ஓடுகிறதா இல்லையா என்பதை அது சொல்லாது. முதல் நாள் பதில் கிடைக்காத அந்த இரண்டாவது கேள்வியை நான் மறுபடி கேட்கவே இல்லை.

பத்தொன்பதாவது மாதம்

சொன்ன தேதிக்கு நான்கு நாள் முன்பே வந்து நின்றார். காலையில் எழுந்தபோது வலது கண்ணில் கறுப்பு நூல்கள் மிதந்திருக்கின்றன. மதியத்துக்குள் அது புகை மாதிரி பரவிவிட்டது. வலி இல்லை. பார்வை 6/36.

கண்ணின் உள்ளே நிறைந்திருக்கும் விட்ரியஸ் கூழில் ரத்தம். அதனூடே விழித்திரை மங்கலாகத்தான் தெரிந்தது. இந்த நிலையில் முதலில் உறுதி செய்ய வேண்டியது, விழித்திரை கிழிந்து அதனால் ரத்தம் வந்ததா என்பதை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கிழிசலோ விலகலோ இல்லை. தலையை உயர்த்தி வைத்துத் தூங்கச் சொன்னோம். ரத்தம் கீழே இறங்கிப் படிந்தால் பார்வைக் கோடு தெளியும், நமக்கும் உள்ளே பார்க்க வழி கிடைக்கும்.

மூன்று வாரத்தில் ஓரளவு தெளிந்தது. அகன்ற கோண ஆஞ்சியோகிராம் எடுத்தோம். மேல்-வெளிப்புறத்தில், பார்வை நரம்பு வட்டின் விட்டத்தைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் அகலத்தில், ரத்தவோட்டம் இல்லாத இருட்டு. அதன் எல்லையில் இரண்டு இடங்களில் சாயம் பொங்கி வழிந்தது. புதுக் குழாய்கள். மேகுலா 270 மைக்ரான், உலர்ந்தே இருந்தது.

1980களின் அதே ஆய்வு இதையும் எண்ணி வைத்திருக்கிறது. அவ்வளவு அகலத்துக்கு ரத்தவோட்டம் இழந்த கிளை அடைப்புக் கண்களில் சுமார் 40 சதவீதத்தில் புதுக் குழாய்கள் முளைக்கும். முளைத்தவற்றைச் சும்மா விட்டால் சுமார் 60 சதவீதம் கண்ணுக்குள் ரத்தம் கசியும். லேசர் போட்டால் அது பாதியாகக் குறையும். நான் கொடுத்த ஊசிகள் மேகுலாவை உலர்த்தியதோடு, முளைக்கக் காத்திருந்த குழாய்களையும் அத்தனை மாதம் அடக்கி வைத்திருந்தன. ஊசி நின்றது, கட்டு அவிழ்ந்தது. ஊசியை நிறுத்தும் முன் ஒரு ஆஞ்சியோகிராம் எடுத்திருந்தால் அந்த இருட்டு தெரிந்திருக்கும். அப்போதே லேசர் போட்டிருப்பேன் என்று சொல்ல மாட்டேன்; கிளை அடைப்பில் புதுக் குழாய் முளைத்தபின் லேசர் போடுவதே வழக்கம். ஆனால் மூன்று மாதத்துக்குப் பதிலாக ஒன்றரை மாதத்தில் வரச் சொல்லி, விழித்திரையின் ஓரங்களை விரித்துப் பார்த்திருப்பேன். குழாய்களை ரத்தம் கசியும் முன்பே பிடித்திருக்கலாம்.

இதை அவரிடம் அப்படியே சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அழுத்தம் நார்மல் என்று நான் மாத்திரையை நிறுத்தின மாதிரிதானே டாக்டர்?" என்றார். ஆமாம் என்றேன்.

லேசருக்குப் பிறகு

அதே வாரம் பத்தாவது ஊசி, முளைத்த குழாய்களைச் சுருக்க. பத்து நாள் இடைவெளியில் இரண்டு அமர்வுகளாக, பாதிக்கப்பட்ட கால்வட்டத்துக்கு மட்டும் சிதறல் லேசர், மொத்தம் சுமார் 450 சுடுபுள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் இடையே ஒரு புள்ளியின் அகலம் இடம் விட்டு, மேகுலாவின் பக்கம் நெருங்காமல். ரத்தமின்றித் தவிக்கும் விழித்திரையின் ஒரு பங்கைத் தியாகம் செய்து, விஇஜிஎஃப் ஓலை அனுப்புவதைக் குறைப்பதுதான் லேசரின் வேலை. விலை இல்லாமல் இல்லை. பார்வைப் புலத்தின் கீழ்-உட்புறம் கொஞ்சம் மங்கும். மங்கியது. அடைப்பே அந்தப் பகுதியை ஏற்கெனவே பாதித்திருந்ததால் லேசரின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

இரண்டு மாதத்தில் புதுக் குழாய்கள் வற்றி வெறும் நார்களாகத் தெரிந்தன. மிதந்த ரத்தம் மெல்ல உறிஞ்சப்பட்டது. அறுவை செய்து கூழை அகற்ற வேண்டியிருக்குமோ என்ற பேச்சு தேவையில்லாமல் போனது. முப்பதாவது மாதத்தில் வலது கண் பார்வை 6/9, மேகுலா 271 மைக்ரான். ஊசி நிறுத்திப் பத்து மாதம் ஆகிறது. புரை கொஞ்சம் வளர்ந்திருக்கிறது, அது தனிக் கதை. இடது கண்ணையும் ஒவ்வொரு முறையும் விரித்துப் பார்க்கிறேன். ஒரு கண்ணில் கிளை அடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மறு கண்ணிலும் வருகிறது.

அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். வரியின் கீழே ஒரு அளவுகோலை வைத்து, அதை நகர்த்திக்கொண்டே படிக்கிறார். வரி தொய்வதைக் கண் கவனிக்காமல் விடாதிருக்க அவரே கண்டுபிடித்த வழி. வாரம் ஒருமுறை இடது கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் முழுக்க 'பு'வை எண்ணிப் பார்ப்பாராம். வீட்டிலேயே பார்வையைச் சோதிக்க நான் கொடுத்த கட்டம் போட்ட அட்டையைவிட அது நம்பகமாக இருக்கிறது என்கிறார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் இப்போது சிவப்பு மையில் அடுத்த ஆஞ்சியோகிராமின் தேதி இருக்கிறது. அதை அவரும் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.